இசபெல்லின் படங்கு

நகுலேஸ்வரிக்கு அந்த வேலை கிடைத்ததற்கு ஒரே காரணம், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான்.

ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் விமானச் சாப்பாடு கட்டும் தொழிற்சாலையில் பதினொரு வருடம் குளிர் அறைக்குள் நின்று வேலை செய்தவள் அவள். வலது முழங்கால் போய்விட்டது. இனி நின்று செய்யும் வேலை கூடாது என்று டொக்டர் கடிதம் கொடுத்திருந்தார். கடிதத்தைப் பார்த்த ஏஜென்சிக்காரி, இருந்துகொண்டே செய்யும் வேலை ஒன்று ஹோபர்னில் இருக்கிறது, டைப் அடிப்பது, போய்ப் பாருங்கள் என்றாள்.

ஹோபர்ன் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருந்தது வடபுல ஆவணச்சொல் நிலையம். ஸ்கொட்லாந்தின் பழைய ஏடுகளில் கிடக்கும் சொற்களைச் சேகரித்துப் பாதுகாப்பது அதன் தொழில். அப்படியானால் ஏன் லண்டனில் இருக்கிறது என்று யாராவது கேட்டால், ஸ்கொட்லாந்தில் இருந்தால் பக்கச்சார்பு வந்துவிடும் என்று பதில் சொல்வார்கள்.

நேர்முகத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் நிலையத்தின் பணிப்பாளர் டொக்டர் பெல்ஹம். மற்றவர் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் கோபாலன். ஈப்போவில் பிறந்து, முப்பது வருடத்துக்கு முன் படிக்க வந்து, படிப்பு முடிந்தும் திரும்பிப் போகாத மலேசியத் தமிழர்.

"ஸ்கொட்ஸ் மொழி தெரியுமா?" என்று பணிப்பாளர் கேட்டார்.

"தெரியாது சேர்."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சமும் தெரியாது."

"ஸ்கொட்லாந்துக்குப் போயிருக்கிறீர்களா?"

"ஒருக்கா எடின்பரோவுக்குப் போக வெளிக்கிட்டனாங்கள். ரயில் கான்சல்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். இவ்வளவு சுத்தமான விண்ணப்பதாரி இந்த வருடம் வரவில்லை என்று கோபாலன் குறித்துக்கொண்டதை அவள் தலைகீழாகவே வாசித்தாள்.

வேலை இதுதான். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனி அறையில் இருந்து டைப் அடிக்க வேண்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை பிடிப்பார்கள். மொழி தெரிந்தவர் தன்னை அறியாமல் எழுத்தைத் திருத்திவிடுவார். தெரியாதவர் கண்ட எழுத்தை அப்படியே அடிப்பார். இதுவரை நியாயம்தான். ஆனால் நிலையம் நியாயத்தோடு நிற்கவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை எல்லா டைப்பிஸ்டுகளும் 'விளங்காமை உறுதிமொழி' என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும்: 'கடந்த மாதம் நான் எதையும் விளங்கிக்கொள்ளவில்லை. தற்செயலாக ஏதும் விளங்கியிருந்தால் உடனே அறிவித்து, மறக்கும்வரை ஓய்வறையில் அமர்ந்திருப்பேன்.'

அந்த வருடம் நிலையத்தில் கன்வஸ் செயற்றிட்டம் நடந்துகொண்டிருந்தது. பழைய ஸ்கொட்ஸ் ஏடுகளில் கன்வஸ் துணி பற்றி எங்கெல்லாம் வருகிறதோ அந்தப் பக்கங்கள் எல்லாம் டைப் அடிக்கப்பட வேண்டும். பதினோராயிரம் பக்கங்கள். கதை பிடிபட்டால் கண் முன்னுக்கு ஓடிவிடும் என்று, பக்கங்களைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துத்தான் கொடுப்பார்கள்.

அவளுடைய பக்கங்களையே மூன்றாம் மாடியில் இருந்து இன்னொருவர் அடித்துக்கொண்டிருந்தார். திருச்சியில் முப்பது வருடம் வங்கியில் இருந்து ஓய்வுபெற்று, எட்மண்டனில் மகனோடு இருக்கும் சேஷாத்ரி. இரண்டு பேரும் சந்தித்துக் கதைத்தால் இரண்டு பேரின் பிழையும் ஒன்றாகிவிடும் என்று அவருக்குப் பன்னிரண்டு மணிக்கும் அவளுக்கு ஒரு மணிக்கும் சாப்பாட்டு நேரம் வைத்திருந்தார்கள். சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இருந்த பஸ் நிறுத்தத்தைப் பற்றி நிலையம் யோசிக்கவில்லை. அங்கேதான் இரண்டு பேரும் பழகினார்கள்.

"எட்டு மாசமா நான் ஒரு தப்புகூட விடலை மேடம்" என்பார் சேஷாத்ரி. "புரிஞ்சாத்தானே தப்பு வரும்? ஐ, எஸ், ஓ, பி, இ, எல். முடிஞ்சுது. அது ஆளா, ஊரா, எருமைமாடா, எனக்கென்ன?"

நகுலேஸ்வரிக்கு வினை மூன்றாவது மாதத்தில் வந்தது. நித்திரை வராமல் இருக்க எழுத்துகளை வாய்க்குள் சொல்லிச் சொல்லி அடித்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்கு முள்ளுக்கம்பி மாதிரி இருந்த அந்தச் சொற்கள் வாய்க்குள் போனதும் ஒரு குரலாக மாறின. அது அலெக்ஸின் குரல். குளிர் அறையில் பதினொரு வருடம் அவள் மேல் சத்தம் போட்ட அபர்டீன்காரச் சூப்பர்வைசர். அவர் கதைத்ததை, முன்பல் இரண்டு இல்லாததால் கெட்டுப்போன இங்கிலீஷ் என்றுதான் அவள் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். அது ஸ்கொட்ஸ் என்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

அவளுக்கு விளங்கத் தொடங்கியதை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. அடிக்க அடிக்கக் கன்வஸ் வந்தது. படகுக்குப் பாய் கட்டியவன் கூலி கேட்கிறான். தையற்காரன் ஒரு பிரபுவின் சட்டைக்குள் வைத்துத் தைக்க நாலு முழம் எடுக்கிறான். செத்துப்போன மாலுமியை அதில் சுற்றியிருக்கிறார்கள். யாரோ கன்வஸ் மாச்சாக்கை மாவோடேயே களவெடுத்திருக்கிறான். ஏடுகளில் கன்வஸைக் கன்னாஸ் என்று எழுதியிருந்தது. அந்த மாத உறுதிமொழியில் கையெழுத்து வைத்தபோது அவளுடைய பெயர் கோணலாகப் போனது.

பிறகு இசபெல் வந்தாள்.

ஒரு கிறிஸ்தவக் கோயிற்பற்றின் மூப்பர் சபை எழுதிவைத்த ஏடு அது. ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். இசபெல் என்கிற பெண் ஓய்வுநாளில், இரண்டு பிரசங்கத்துக்கும் நடுவில், கன்னாஸை, நகுலேஸ்வரியின் ஊரில் நெல் தூற்றப் படங்கு விரிப்பதுபோல, நிலத்தில் விரித்து வாற்கோதுமை தூற்றியிருக்கிறாள். மூப்பர்கள் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். ஏன் ஞாயிற்றுக்கிழமை தூற்றினாய்? அன்றைக்குத்தான் காற்று வந்தது என்கிறாள். சபைக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. கன்னாஸைப் பறித்து, கண்ணாடி உடைந்திருந்த கோயில் யன்னலில் ஆணி அடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவள் வந்து அதைத் திருப்பிக் கேட்கிறாள். தானியம் மண்ணில் கிடந்து வீணாகிறது என்கிறாள். சபை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கிறது.

பக்கங்கள் கலைத்து வந்ததால் அவள் இதை முன்பின்னாகத்தான் பொறுக்கி எடுத்தாள். ஒரு பக்கம் வரும், பிறகு நாலு நாளைக்கு மாச்சாக்கும் பாய்மரமும் வரும். ஒவ்வொரு காலையும் புதுக்கட்டை அவிழ்க்கும்போது அவள் முதலில் இசபெல்லைத் தேடினாள். ரயிலிலும் இசபெல்லின் நினைவுதான். ஒரு நாள் இறங்கவேண்டிய ஸ்டேஷனையும் விட்டுவிட்டாள்.

"ஆரடியப்பா இசபெல்? உன்னோட வேலை செய்யிறவளோ?" என்று கேட்டார் அவளுடைய கணவர் குகதாசன். ஹவுன்ஸ்லோவில், அவர்களுடைய குசினியில், அவள் கத்தரிக்காயை வெட்டியபடி இசபெல்லின் படங்கு என்று இரண்டாவது முறையும் சொன்னபோது.

"இல்லை. செத்து நானூறு வருசம்."

"அப்ப அவளுக்கு ஏன் படங்கு?"

"உயிரோட இருக்கேக்கை கேட்டவள். குடுக்கேல்லை."

குகதாசன் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "இஞ்ச பார் நகுலா. உனக்கு இன்னும் ரெண்டு மாசத்தில பெர்மனென்ட் ஆகும். விளங்கேல்லையெண்டு சொல்லிப்போட்டு இரு. எனக்கு இருபது வருசமா கவுன்சில் கடிதம் ஒண்டும் விளங்கேல்லை. ஆரும் என்னை வீட்டை விட்டு எழுப்பினவையே?"

அவளும் அப்படித்தான் இருந்திருப்பாள். ஆனால் அடுத்த வாரம், இசபெல்லின் பக்கம் ஒன்றோடு தவறுதலாக நிலையத்தின் சொல் அட்டையும் சேர்ந்து வந்துவிட்டது. அச்சுக்குப் போக ஆயத்தமாக இருந்த அட்டை. அதில் இப்படி இருந்தது: 'கன்னாஸ்: புதிரான துணி. பயன் தெரியவில்லை. சடங்கு சார்ந்ததாக இருக்கலாம்.'

நகுலேஸ்வரி மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்றை எடுத்தாள். 'இது தானியம் தூற்ற நிலத்தில் விரிக்கும் துணி. இசபெல்லிடம் தயவுசெய்து திருப்பிக் கொடுக்கவும்' என்று இங்கிலீஷில் எழுதி அட்டையில் ஒட்டி அனுப்பினாள். இரண்டாவது வசனத்தை ஏன் எழுதினாள் என்று அவளுக்கே தெரியாது. அது கையோடு வந்துவிட்டது.

முதல் வசனத்தை நிலையத்தில் எவரும் கவனிக்கவில்லை. இரண்டாவது வசனம் நெருப்பாகப் பற்றிக்கொண்டது.

மறுநாள் உடைமை மீளளிப்பு அதிகாரி என்று ஒரு இளம்பெண் பதினாறு பக்கப் படிவத்தோடு அவளுடைய மேசைக்கு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு அனுதாபம்.

"இசபெல் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்?"

"தெரியாது. பார்லி விதைக்கிற சமூகம்."

"அவர் சார்பில் பேசும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறதா?"

"அவ செத்துப்போனா மிஸ்."

"அது தடையில்லை" என்றாள் அதிகாரி. "எங்கள் உரிமைகோருநர்கள் அநேகமாக எல்லோரும் அப்படித்தான். காத்திருப்பு நேரம் கொஞ்சம் அதிகம்."

அன்று மத்தியானமே நிலவறையில் தேடுதல் தொடங்கியது. இரண்டு நாள் வெள்ளைக் கையுறை போட்டுத் தேடி, படிக்கட்டுக்குக் கீழே மடித்து வைத்திருந்த ஒரு கன்வஸை எடுத்தார்கள். அமிலம் இல்லாத பெட்டியில் வைத்து, 'இசபெல்லினுடையதாகக் கருதப்படுகிறது' என்று எழுதி, ஈரப்பதம் பார்க்கும் கருவியும் வைத்தார்கள். மூன்றாம் நாள் பெயின்ட் அடிக்கிறவர் வந்து தன்னுடைய விரிப்பைக் காணவில்லை என்றார். அவருக்கும் பதினாறு பக்கப் படிவம் கொடுத்தார்கள். அவர் தன் மூதாதையர் பெயர்களை நிரப்பும் இடம் வரைக்கும் போய்விட்டு, பேனாவை வைத்துவிட்டு, புது விரிப்பு வாங்கப் போனார்.

இவ்வளவும் நடந்த பிறகுதான் கோபாலன் மஞ்சள் தாளை முதலிலிருந்து வாசித்தார். நேரே அவளுடைய அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். தமிழில் பேசினார். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"உங்களுக்குப் புரிஞ்சிருக்கு."

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"எப்போலேர்ந்து?"

"மூண்டு மாசமா."

கோபாலன் கதிரையில் இருந்துவிட்டார். "இங்க பதினேழு வருஷமா இருக்கேன். இந்த மாதிரி கேஸ் வந்ததே இல்லை. ஒருத்தருக்கு ஒரு தடவை லேசா சந்தேகம் வந்துச்சு. அவரா வந்து சொல்லிட்டாரு. நீங்க மறைச்சிருக்கீங்க."

விசாரணை அடுத்த வியாழக்கிழமை நடந்தது. நீள மேசையின் ஒரு பக்கம் பணிப்பாளர், கோபாலன், மீளளிப்பு அதிகாரி. மறுபக்கம் நகுலேஸ்வரி தனியாக. முழங்கால் நோவை மறைக்கக் காலை நீட்டி வைத்திருந்தாள். வேலை போனால் திரும்பவும் குளிர் அறை. அதை மட்டும் நினைத்துக்கொண்டு, எது கேட்டாலும் ஓம் என்று சொல்லிவிட்டு வருவதாக முடிவெடுத்திருந்தாள்.

டொக்டர் பெல்ஹம் எழுந்து நின்று பேசினார்.

"நாற்பத்தொரு ஆண்டுகளாக இந்த நிலையம் ஒரு சொல்லைக்கூடச் சேதப்படுத்தியதில்லை. ஏனென்றால் ஒரு சொல்லைக்கூட நாங்கள் பயன்படுத்தியதில்லை. பொருள் என்பது கையழுக்குப் போன்றது. ஒருமுறை பட்டால் போகாது. பொதுமக்கள் வந்து, இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறார்கள். நாங்கள் பெருமையோடு சொல்கிறோம்: தெரியாது, ஆனால் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. அந்த நம்பிக்கையைத்தான் திருமதி குகதாசன் ஒரு மஞ்சள் தாளால் உடைத்திருக்கிறார்."

கோபாலன் விதிமுறைப் புத்தகத்தைத் திறந்தார். "பிரிவு ஒன்பது. பிழையாக விளங்கிக்கொண்டிருந்தால் குற்றமில்லை. அது விளங்காமைக்குள் அடங்கும். சரியாக விளங்கிக்கொண்டிருந்தால்தான் குற்றம். ஆகவே அவர் எழுதியது சரியா, பிழையா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும்."

"நல்லது. ஸ்கொட்ஸ் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்" என்றார் பணிப்பாளர்.

கோபாலன் விதிமுறைப் புத்தகத்தை மூடினார்.

"அவர் ஒன்பது வருடத்துக்கு முன் ஓய்வுபெற்றுவிட்டார்" என்றார் கோபாலன். "அந்த இடம் நிரப்பப்படவில்லை. விண்ணப்பித்த எல்லோருக்கும் ஸ்கொட்ஸ் தெரிந்திருந்தது. பக்கச்சார்பு என்று நீங்கள்தான் நிராகரித்தீர்கள்."

பணிப்பாளர் தண்ணீர் குடித்தார். மீளளிப்பு அதிகாரி இது வலிமிகுந்த தருணம் என்றாள். கடைசியில் எல்லோரும் நகுலேஸ்வரியைப் பார்த்தார்கள்.

"இந்தக் கட்டடத்தில் உங்களைத் தவிர வேறு யாருமில்லை" என்றார் பணிப்பாளர். "நீங்களே சொல்லுங்கள். சரியாக விளங்கிக்கொண்டீர்களா, பிழையாகவா?"

கோபாலன் குனிந்து தாளை அடுக்குவது மாதிரி, தமிழில் மெதுவாகச் சொன்னார்: "தப்புன்னு சொல்லிடுங்க. பெர்மனென்ட் லெட்டர் என் ஃபைல்லயே இருக்கு."

அவள் வாயைத் திறந்தாள். பிழை என்று சொல்லத்தான் திறந்தாள்.

"பிழையெண்டு சொன்னா, அந்த அட்டையில என்ன இருக்கும் சேர்?"

"ஏற்கெனவே இருப்பதுதான். புதிரான துணி. சடங்கு சார்ந்தது."

இசபெல்லும் இப்படித்தான் ஒரு மேசைக்கு முன்னால் நின்றிருப்பாள் என்று நகுலேஸ்வரி நினைத்தாள். அவளைக் கதிரையில்கூட இருக்க விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கிழவர்களாவது அது என்ன துணி, அதில் என்ன செய்தாய் என்று அவளிடம் கேட்டார்கள். சொன்னதை எழுதியும் வைத்தார்கள்.

"சரியாத்தான் விளங்கினது" என்றாள். "தானியம் மண்ணில விழாமல் இருக்க விரிக்கிறது. காத்துக்கு உமி பறக்கும், மணி அதில விழும். எங்கட பக்கம் படங்கு எண்டு சொல்லுவம். அதில புதிர் ஒண்டும் இல்லை. சடங்கும் இல்லை. அது இல்லாட்டிச் சாப்பாடு இல்லை."

பணிப்பாளர் இரண்டு காதையும் பொத்தியிருந்தார். பிறகு மூன்று பேரும் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார்கள்.

இருபது நிமிடத்தில் தீர்ப்பு வந்தது. குற்றம் நிரூபணம். ஆனாலும் அவளை வேலையிலிருந்து நிறுத்த முடியாது. நிறுத்தினால், நிலையத்துக்குச் சொந்தமான ஒரு சொல்லின் பொருளைத் தலைக்குள் வைத்துக்கொண்டு அவள் வெளியே போய்விடுவாள். அது களவு. ஆகவே நிரந்தரமாக உள்ளேயே வைத்திருக்க வேண்டும். நிலையத்தின் ஆண்டறிக்கைகளை டைப் அடிக்கும் பிரிவுக்கு அவள் மாற்றப்பட்டாள்.

"அங்கே உங்களுக்கு இந்தச் சிக்கல் வராது" என்றார் டொக்டர் பெல்ஹம் கனிவோடு. "அவற்றை நானே எழுதுகிறேன். இதுவரை ஒருவரும் விளங்கிக்கொண்டதாகப் பதிவில்லை."

கன்னாஸ் அட்டையில் 'பொருள் இருப்பதாக முறைப்பாடு' என்று முத்திரை குத்தி, அச்சுக்குப் போகாமல் நிறுத்திவைத்தார்கள். இசபெல்லின் பக்கங்கள் இனிமேல் சேஷாத்ரிக்கு மட்டும்தான் போகும்.

பெர்மனென்ட் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது குகதாசன் சந்தோசத்தில் கடைக்குப் போய் ஆட்டிறைச்சி வாங்கிவந்தார். இருந்து செய்யும் வேலை, குளிர் இல்லை, நல்ல கதிரை. நகுலேஸ்வரிக்கு மட்டும் நிலைகொள்ளவில்லை. 'முன்னோக்கிய பேணலின் அடுக்குநிலை இலக்குகள்' என்று நாள் முழுக்க அடித்தாள். எத்தனை தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாலும் அதிலிருந்து ஒரு மனிதக் குரல்கூட வரவில்லை. சபை படங்கைத் திருப்பிக் கொடுத்ததா, இல்லையா? மேல் மாடியில் அந்தப் பக்கம் வந்திருக்கும். எழுத்துக்கு எழுத்து பிழையில்லாமல் அடிக்கப்பட்டிருக்கும்.

இரண்டு வாரம் பொறுத்தாள். பிறகு ஒரு சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் சேஷாத்ரியின் கோட்டுக் கையைப் பிடித்துவிட்டாள்.

"ஐயா, இசபெல்லின்ர பக்கம் ஏதும் வந்ததோ?"

"இன்னிக்குக் காலைல ஒண்ணு வந்துது. எழுத்தெல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கு. முப்பது வருஷம் அக்கவுன்ட் நம்பர் பார்த்த கண்ணு மேடம். ஆனா அர்த்தம் கேக்காதீங்க."

"அர்த்தம் வேண்டாம். எழுத்தைச் சொல்லுங்கோ."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். நிலையத்து ஆட்கள் யாரும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லத் தொடங்கினார். நகுலேஸ்வரி அதை வாய்க்குள் வாங்கிச் சொல்லாக்கினாள், சொல்லை அலெக்ஸின் குரலாக்கினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. நிறுத்தத்தில் நின்ற பெடியன்கள் இரண்டு பேர், இந்த வயதுபோன சனம் என்ன விளையாட்டு விளையாடுது என்று பார்த்தார்கள்.

"சபை மூண்டு தரம் கூப்பிட்டும் அவ வரேல்லையாம்" என்றாள் அவள். "பிறகு... பிரசங்கம் நடக்கேக்கை உள்ளுக்கு வந்தவவாம். எல்லாருக்கும் முன்னால கோயில் வாங்கில ஏறி நிண்டு... ஐயா, நிப்பாட்டாதேங்கோ."

அவர் சொல்லிக்கொண்டே போனார்.

"யன்னலில இருந்த படங்கை இழுத்துப் பிடுங்கிப்போட்டா! ஆணி தெறிச்சு மூப்பரின்ர புத்தகத்துக்கு மேல விழுந்ததாம். மழை உள்ளுக்கு அடிச்சதாம். அவ சொன்னவவாம்..." நகுலேஸ்வரி அவருடைய கோட்டுக் கையை விட்டாள். "உங்களிட்டக் கோயில் முழுக்க இருக்கு. என்னட்ட இதொண்டுதான் இருக்கு எண்டு."

சேஷாத்ரி கண்ணைத் திறந்தார்.

"ஏன் மேடம் சொன்னீங்க? எனக்குப் புரிஞ்சுடுச்சே!"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. வாயில வந்திட்டுது."

"திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போடணும். இத்தனை மாசமா ஒரு சின்ன சந்தேகம்கூட வராத ஆள் நான்." கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். போட்டார். திரும்பவும் கழற்றினார். பஸ் வந்து நின்றது. அவருடைய பஸ்தான். அவர் ஏறவில்லை.

"அப்புறம்?" என்றார்.

"என்ன ஐயா?"

"அவளை விட்டாங்களா? துரத்திண்டு போனாங்களா?"

"நீங்கள்தான் சொல்ல வேணும். என்னட்டப் பக்கம் இல்லை."

"அங்கேயே முடிஞ்சுதே பக்கம்! அடியில 'ரெண்டு பேர்'னு மாதிரி ஏதோ... டி, டபிள்யூ, ஏ, எம், இ, என்..."

"ரெண்டு ஆம்பிளையள்தான். ஆரையோ அனுப்பியிருக்கினம்."

சேஷாத்ரி பஸ்ஸைப் பார்த்தார். நிலையம் இருந்த சந்தைப் பார்த்தார். பஸ் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டது.

"மத்தியானம் வந்த கட்டை நான் இன்னும் அவிழ்க்கவே இல்லை" என்றார். "அதுல இருக்கலாம்."

முப்பது வருடம் வங்கியில் ஐந்து மணிக்கு மேல் ஒரு நிமிடமும் இருந்திராத மனிதர், மழைக்குள் தலையைக் குனிந்துகொண்டு, வந்த வழியே விறுவிறு என்று நடந்தார்.

நகுலேஸ்வரி நிறுத்தத்து வாங்கில் உட்கார்ந்து குகதாசனுக்குப் போன் எடுத்தாள்.

"சோத்தை நீங்களே போட்டுச் சாப்பிடுங்கோ" என்றாள். "நான் வரச் சுணங்கும்."